லேபிளை நம்பாதே, உள்ளே எட்டிப் பார்!

மாண்டலின்னு சொன்னதும் நம்ம மக்களுக்கு ஞாபகம் வர்றது ஒரே ஒருத்தர்தான். 1969ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்து, 2014ல் சென்னையில் மறைந்த யு. ஸ்ரீநிவாஸ். அவர் வாசிச்சது மின்சார மாண்டலின். இந்தப் பதிவு அதைப் பற்றி இல்லைங்க. அதே குடும்பத்தில் கடல் தாண்டிப் பிறந்த ஒரு பங்காளியைப் பற்றி. பேர் கிப்சன் எஃப்-5. சொந்த ஊர் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ. (ஊர் பேர் நிஜமாவே அதுதான், நான் ஒண்ணும் விளையாடலை :-))

1922ல் இது விற்பனைக்கு வந்தப்போ விலை 250 டாலர். அந்த முதல் இரண்டரை வருஷத்துச் சரக்கு ஒண்ணு இன்னிக்கு அசல்னு உறுதியானா, ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போகும். அதே உருவத்தில், அதே நிறத்தில், அதே சுருள் கொம்போட பல பேர் பல வருஷமா நகல் செஞ்சிருக்காங்க. கிப்சன் கம்பெனியே 1978ல் பழசைப் பார்த்து எஃப்-5எல்னு ஒரு மாடல் கொண்டுவந்தது. நகல் செய்யறது குத்தம் இல்லை. தன் பேரைப் போட்டு நேர்மையா விக்கறவங்கதான் அதிகம். அந்தப் பேரை எடுத்துட்டு வேற பேரை ஒட்டும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்குது.

ஒரு பழைய பெட்டியைத் திறக்கிறீங்க. உள்ளே ஒரு எஃப்-5. ஓட்டை வழியா எட்டிப் பார்த்தா ஒரு லேபிள். அதில் மசியில் ஒரு கையெழுத்து: லாயிட் லோர். அசலா, போலியா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

இதுக்குப் பதில் சொல்லணும்னா முதலில் இந்தக் கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு மவுசுன்னு பார்த்துடுவோம்.

ஆர்வில் கிப்சனும் லாயிட் லோரும்

மாண்டலின் இத்தாலிக்காரங்க வாத்தியம். நேப்பிள்ஸ் பாணி மாண்டலினுக்கு முதுகு உருண்டையா, பாதி பூசணிக்காய் மாதிரி இருக்கும். மெல்லிய மரப்பட்டைகளை வளைச்சு ஒட்டிச் செய்வாங்க. அமெரிக்கர்கள் இதை உருளைக்கிழங்கு வண்டுன்னு கிண்டல் பண்ணுவாங்க. கலமசூவில் இருந்த ஆர்வில் கிப்சன்கிற மனுஷன் வேற வழியில் யோசிச்சார். வயலினுக்கு மேல் பலகையையும் அடிப் பலகையையும் செதுக்கித்தானே வளைவு கொண்டுவர்றாங்க, மாண்டலினுக்கும் அப்படிச் செஞ்சா என்ன? 1898ல் அதுக்குக் காப்புரிமை வாங்கினார். 1902ல் அவர் பேரில் கம்பெனி தொடங்கியது. தொடங்கியதும் நடத்தியதும் வேற முதலாளிகள். ஆர்வில் 1918ல் இறந்துபோனார்.

அப்போ அமெரிக்காவில் மாண்டலின் பைத்தியம் பிடிச்சு ஆடிய காலம். ஊருக்கு ஊர் மாண்டலின் குழுக்கள். ஆனா 1920 வாக்கில் காத்து திசை மாறிடுச்சு. ஜாஸ் வந்தது, சத்தமான பாஞ்சோ வந்தது. மாண்டலின் வியாபாரம் படுக்க ஆரம்பிச்சது.

அந்த நேரத்தில், 1919ல், கிப்சனுக்கு வந்தவர்தான் லாயிட் லோர். மேடையில் மாண்டலின் வாசிக்கிற கலைஞர், ஒலியியலும் தெரிஞ்சவர். வாத்தியத்தை இன்னும் வயலினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நடுவில் இருந்த முட்டை வடிவ ஓட்டையை எடுத்துட்டு, வயலினில் இருக்கிற மாதிரி ரெண்டு பக்கமும் எஃப் வடிவ ஓட்டைகள். கழுத்து உடம்பைத் தொடும் இடம் 15வது கட்டைக்குத் தள்ளிப்போனது. உள்ளே மேல் பலகைக்கு அடியில் ரெண்டு நீளச் சட்டங்கள். பலகையைத் தட்டித் தட்டிக் கேட்டு, செதுக்கிச் செதுக்கிச் சுருதி சேர்க்கிற முறை. நிறத்துக்குக் கூட ஸ்ட்ராடிவாரியின் ஊர் பேரை வச்சு 'கிரிமோனா பழுப்பு'ன்னு பேர்.

இந்த உயர்தர வரிசையில் மாண்டலின் எஃப்-5, கிதார் எல்-5, கூடவே எச்-5 மாண்டோலா, கே-5 மாண்டோசெல்லோ. ஒவ்வொண்ணுக்குள்ளும் ரெண்டு லேபிள் ஒட்டினாங்க. ஒண்ணில் மாடல் பேரும் வரிசை எண்ணும். இன்னொண்ணில் லோரின் கையெழுத்தும் தேதியும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த ரெண்டாவது லேபிளில் லோர் 'நான் செஞ்சேன்'னு எழுதலை. இந்த வாத்தியத்தின் மேல் பலகை, அடிப் பலகை, சட்டங்கள், உள்ளே இருக்கிற காற்றறை எல்லாம் சோதிச்சு, சுருதி சேர்த்து, முழுசா கோத்தபிறகு வாசிச்சுப் பார்த்து ஒப்புதல் கொடுத்தாச்சுன்னுதான் அச்சாகியிருக்கு. நம்ம பாஷையில் சொன்னா அது க்யூ.ஏ. கையெழுத்து. மரத்தை அறுத்தவங்க, செதுக்கினவங்க, வளைச்சவங்க, வார்னிஷ் அடிச்சவங்க எல்லாம் பார்சன்ஸ் தெருத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவங்க. அவங்க பேர் எந்த லேபிளிலும் கிடையாது. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

வியாபாரம் என்னாச்சு? ஊத்திக்கிச்சு. 1924 டிசம்பரோட லோர் கிப்சனை விட்டுப் போயிட்டார். இதுவரை தெரிஞ்ச கையெழுத்து எஃப்-5களில் முதல் தேதி 1922 ஜூன் 1, கடைசித் தேதி 1924 டிசம்பர் 1. மொத்தமே சில நூறுதான். 1933ல் லோர் கூட்டாளிகளோட விவி-டோன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு மின்சார வாத்தியங்கள் செஞ்சு பார்த்தார். அதுவும் நிக்கலை. 1943ல் இறந்துபோனார்.

முடிதிருத்தும் கடையில் கிடைச்ச மாண்டலின்

1940களின் நடுவில், கென்டக்கிக்காரர் பில் மன்றோ கச்சேரிக்காக ஃப்ளோரிடா பக்கம் போயிருந்தார். அங்கே ஒரு முடிதிருத்தும் கடையில் ஒரு மாண்டலின் விலைக்கு இருந்தது. 150 டாலர் கொடுத்து வாங்கினார். அது ஒரு எஃப்-5. வரிசை எண் 73987. லோர் கையெழுத்துப் போட்ட தேதி 1923 ஜூலை 9.

மன்றோவும் அவரோட 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' குழுவும் வாசிச்ச இசைக்குப் பின்னாடி ப்ளூகிராஸ்னே பேர் வந்தது. அந்த இசைக்கு உயிர்நாடி மாண்டலினோட 'சக் சக்'குன்னு வெட்டுற தாளம். வாசிக்கிறவங்க எல்லாருக்கும் மன்றோவோட சத்தம் வேணும்னு ஆச்சு. ஒரு காலத்தில் கடையில் தூங்கின சரக்கு, இருபது வருஷம் கழிச்சு ஒரே ஒருத்தர் கையால் தங்கம் ஆச்சு. விலை ஏற ஏற, கையெழுத்து லேபிளுக்கும் மதிப்பு ஏறுச்சு. மதிப்பு ஏறின இடத்துக்குப் போலி வராம இருக்குமா?

முதல் சாட்சி: லேபிள்

எல்லாரும் முதலில் பார்க்கிறது லேபிள். ஆனா இருக்கிற சாட்சிகளிலேயே நோஞ்சான் இதுதான். ஏன்னா அது ஒரு துண்டுக் காகிதம். பழைய காகிதம் கிடைக்கும். எழுத்துருவை நகல் எடுக்கலாம். கையெழுத்தைப் பழகலாம். எந்த ஃபைலுக்கும் 'கடைசியாத் திருத்திய தேதி'யை மாத்த நமக்கு ரெண்டு நிமிஷம் போதாதா, அது மாதிரி.

இன்னொரு பக்கமும் இருக்கு. நூறு வருஷத்தில் பசை காய்ஞ்சு அசல் லேபிள் உதிர்ந்து போயிருக்கலாம். லோர் கிளம்பினபிறகு, மிச்சம் இருந்த பாகங்களை வச்சு 1925லும் அதுக்கப்புறமும் தொழிற்சாலையில் எஃப்-5 கோத்தாங்க. அதுக்கெல்லாம் கையெழுத்து கிடையாது. மரம் அதே மரம், செஞ்ச கை அதே கை. இதைக் 'கையெழுத்தில்லா லோர்'னு சொல்வாங்க. ஆக, லேபிள் இருந்தா அசல்னும் சொல்ல முடியாது, இல்லைன்னா போலின்னும் சொல்ல முடியாது.

வயலின் உலகத்தில் இது இன்னும் பெரிய கூத்து. ஸ்ட்ராடிவாரி 1737ல் இறந்துபோனார். அவர் பேர் அச்சடிச்ச லேபிளோட 19, 20ம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியிலும் பொஹீமியாவிலும் செஞ்ச தொழிற்சாலை வயலின்கள் உலகம் பூரா கொட்டிக் கிடக்கு. செஞ்சவங்க பெரும்பாலும் ஏமாத்தணும்னு செய்யலை. 'இந்த மாதிரியைப் பார்த்துச் செஞ்சது'ங்கிற அர்த்தத்தில் ஒட்டினது. ரெண்டு மூணு தலைமுறை கழிச்சுப் பரண்மேல் இருந்து எடுக்கிற பேரப்பிள்ளைகளுக்குத்தான் நெஞ்சு படபடங்குது.

ரெண்டாவது சாட்சி: எண்கள்

இங்கேதான் ஆட்டம் சூடு பிடிக்குது. லேபிளில் இருக்கிற வரிசை எண் ஒண்ணு. அது தவிர, உள்ளே கழுத்து வந்து சேர்ற கட்டையில் தொழிற்சாலை ஆர்டர் எண்ணுன்னு ஒண்ணு இருக்கும். வாங்கறவனுக்காகப் போட்டது இல்லை அது. ஒரே சமயத்தில் செய்யற ஒரு தொகுதிக்கு அடையாளமா, வேலை செய்யறவங்க தங்களுக்குள்ளே கணக்கு வச்சுக்கப் போட்டது. பல் டாக்டர் வச்சிருக்கிற குட்டிக் கண்ணாடியும் சின்ன விளக்கும் விட்டுத்தான் பார்க்கணும். இப்போ அதுக்குக் குட்டிக் கேமராவும் வந்தாச்சு.

லோர் தினம் ஒண்ணாக் கையெழுத்துப் போடலை. ஒரு தொகுதி முடிஞ்சதும் மொத்தமாப் போட்டார். அதனால் தேதிகள் கொத்துக் கொத்தா வரும். 1923 ஜூலை 9, 1924 பிப்ரவரி 18, 1924 மார்ச் 31 இப்படிச் சில தேதிகளில் நிறைய மாண்டலின் இருக்கு. ஆர்வலர்கள் பல வருஷமா, கிடைச்ச ஒவ்வொண்ணையும் எண், தேதி, நிறம், சித்திர வேலைன்னு பட்டியல் போட்டு வச்சிருக்காங்க. எஃப்-5 ஜர்னல், மாண்டலின் ஆர்க்கைவ் மாதிரி பதிவேடுகளே இருக்கு.

இப்போ போலி செய்யறவன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. எண் ஒண்ணைக் கற்பனை பண்ணணும். கிப்சனில் விலை உசந்த எஃப்-5க்கும் விலை குறைஞ்ச ஏ மாடலுக்கும் ஒரே வரிசையில்தான் எண் ஓடுச்சு. இவன் கற்பனை பண்ணின எண், எங்கேயோ ஒரு பாட்டி வீட்டில் தொங்குற சாதா ஏ மாடலில் ஏற்கனவே இருக்கலாம். எண் தப்பிச்சாலும், அதுக்கு முன்னும் பின்னும் இருக்கிற எண்களோட தேதிக்கு நடுவில் இவன் தேதி உட்காரணும். உட்கார்ந்தாலும், உள்ளே இருக்கிற ஆர்டர் எண் அந்தத் தொகுதிச் சகோதரர்களோட ஒத்துப்போகணும். அந்தத் தொகுதிக்குத் தலைப்பகுதியில் என்ன மாதிரி முத்துச்சிப்பி வேலை, ஓரப் பட்டை எப்படின்னு அதுவும் பொருந்தணும்.

ஒரு பொய் சொல்றது சுலபம். அந்தப் பொய்க்கு ஒத்துப்போற இருபது உண்மைகளைத் தயார் பண்றதுதான் மண்டை காயும் வேலை.

மூணாவது சாட்சி: பூச்சு

லோர் காலத்து எஃப்-5க்கு அடிச்சது வார்னிஷ். 1920களின் நடுவுக்கு அப்புறம் கிப்சன் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கு மாறிடுச்சு. அது சீக்கிரம் காயும், வேலை வேகமா முடியும். கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடிச்சா வேஷம் கலையும். அரக்கு கலந்த பழைய பூச்சு ஆரஞ்சு நிறமா ஒளிரும், லாக்கர் வேற மாதிரி ஒளிரும். அங்கங்கே தொட்டுப் பூசியிருந்தா, வெள்ளை வேட்டியில் ஒட்டுப் போட்ட மாதிரி திட்டுத் திட்டா தெரியும்.

ஆனா இதிலும் உஷாரா இருக்கணும். மறுபடி பூசினது போலின்னு அர்த்தம் இல்லை. 1950, 60கள் வரை இதெல்லாம் வெறும் பழைய மாண்டலின்தானே? பளபளன்னு ஆக்கித் தாங்கன்னு கொண்டுபோய்க் கொடுத்தவங்க உண்டு. பூச்சு போனா விலை கணிசமாக் குறையும், ஆனா மாண்டலின் அதேதான்.

நாலாவது சாட்சி: தேய்மானம்

எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி இது. வாசிக்கிறவன் கை எங்கே படுமோ அங்கேதான் தேயணும். மணிக்கட்டு உரசுற இடம், முன்கை அழுத்துற விளிம்பு, கழுத்தில் கட்டைவிரல் ஓடுற பாதை. போலி ஆளு உப்புக்காகிதம் வச்சுத் தேய்ச்சுப் 'பழசு' பண்ணுவான். பார்க்க அழகா இருக்கும். ஆனா கையே போகாத இடத்திலும் தேய்ஞ்சிருக்கும். கட்டைகள் மட்டும் புத்தம் புதுசா மின்னும்.

விரல் படாம இருக்கப் பக்கத்தில் ஒரு செல்லுலாய்டு தட்டு வச்சிருப்பாங்க. அதைக் கழட்டினா அடியில் நிழல் மாதிரி ஒரு அச்சு. வெளிச்சம் படாததால் அங்கே மட்டும் நிறம் பழைய மாதிரியே இருக்கும். திருகு எடுத்த ஓட்டை, ஆணி இருந்த தடம் எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கணும். கம்பி கட்டுற வால்பகுதியை மாத்தியிருந்தா, பழைய திருகு ஓட்டைகளை அடைச்ச தடம் தெரியும். செல்லுலாய்டு வயசாக வயசாக மஞ்சளாகும், சுருங்கும், சில சமயம் தானே சிதைஞ்சு அமில ஆவி விடும். பக்கத்தில் இருக்கிற உலோகம் அதனால் அரிச்சுப் போகும். பூட்டின பெட்டிக்குள்ளே பல வருஷம் கூடவே கிடந்த ரெண்டு பொருளோட உறவு அது. ஒரு வார வேலையில் கொண்டுவர முடியாது.

அஞ்சாவது சாட்சி: மரம்

மேல் பலகை ஸ்ப்ரூஸ் மரம். வருஷத்துக்கு ஒரு வளையம்னு கோடு கோடா இருக்கும். மழை நல்லா பெய்ஞ்ச வருஷம் கோடு அகலம், வறட்சியில் குறுகல். இந்த வரிசையைத் தெரிஞ்ச மரங்களோட பதிவில் ஒப்பிட்டு, கடைசி வளையம் எந்த வருஷத்துதுன்னு கண்டுபிடிக்கிற கலை இருக்கு.

இதுக்குப் பேர்போன வழக்கு 'மெசையா' வயலின். ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கு. லேபிளில் ஸ்ட்ராடிவாரி, 1716. கிட்டத்தட்ட வாசிக்கவே படாத, புதுசு மாதிரியே இருக்கிற வயலின். 'இவ்வளவு புதுசா இருந்தா எப்படி?'ன்னுதான் சந்தேகமே. 1990களின் கடைசியில் இது பெரிய சர்ச்சையாச்சு. வளையங்களை எண்ணிப் பார்த்தாங்க. கடைசி வளையம் 1680களில் முடியுதுன்னு வந்தது. அப்படின்னா ஸ்ட்ராடிவாரி காலத்தோட மரம் ஒத்துப்போகுது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. வளையம் 'இந்த வருஷத்துக்கு முன்னாடி செஞ்சிருக்க முடியாது'ன்னு மட்டும்தான் சொல்லும். 'இந்த வருஷம்தான் செஞ்சது'ன்னு சொல்லாது. ஒரு எஃப்-5 பலகையில் 1950ம் வருஷத்து வளையம் தெரிஞ்சா கதை அங்கேயே முடிஞ்சது, மூட்டையைக் கட்டலாம். ஆனா 1890ல் முடிஞ்சிருந்தா? ஒண்ணும் உறுதியாகலை. பழைய வீடு இடிச்ச மரத்தில் நேத்து கூடச் செஞ்சிருக்கலாம்.

மரத்தில் இன்னொரு உபயோகமும் உண்டு. ஸ்ப்ரூஸோட கோடும், அடிப் பலகை மேப்பிளோட புலிவரியும் கைரேகை மாதிரி. ரெண்டு மரத்துக்கு ஒரே மாதிரி அமையாது. பழைய கச்சேரிப் படம் ஒண்ணு தெளிவாக் கிடைச்சா, இந்த மாண்டலின்தான் அந்த மாண்டலின்னு வரி வரியா ஒப்பிட்டுச் சொல்லிடலாம்.

இப்போ மன்றோவோட மாண்டலினைச் சோதிப்போமா?

மேல சொன்ன சோதனைகளை உலகத்திலேயே பேர்போன எஃப்-5ல், அதான் 73987ல், வச்சுப் பாருங்க. சிரிப்பு வரும்.

1950களின் தொடக்கத்தில் மன்றோ அதைப் பழுது பார்க்கக் கிப்சனுக்கே அனுப்பினார். மாசக்கணக்கில் வச்சிருந்துட்டு, சொன்ன வேலையை முழுசாச் செய்யாமத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு மனுஷனுக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. பேனாக்கத்தியை எடுத்தார். தலைப்பகுதியில் முத்துச்சிப்பியில் பதிச்சிருந்த 'தி கிப்சன்'கிற பேரில் கிப்சனைக் குடைஞ்சு எடுத்துட்டார். வார்னிஷையும் சுரண்டித் தள்ளினார். 'தி' மட்டும் மிச்சம்! 1980ல் கம்பெனியோட சமாதானம் ஆகி, அவங்களே அதைச் சரிபண்ணிப் பேரை மறுபடி பதிச்சுக் கொடுத்தாங்க. நடுவில் ஏறக்குறைய முப்பது வருஷம், கிப்சனின் ஆகப் பெரிய விளம்பரம் கிப்சன்கிற பேரே இல்லாமல்தான் மேடை ஏறுச்சு.

அதோட முடியலை. 1985 நவம்பர் 13ம் தேதி மன்றோ வீட்டுக்குள்ளே யாரோ புகுந்து, கணப்பு கிளறுற இரும்புக் கம்பியால் அவரோட ரெண்டு எஃப்-5களையும் அடிச்சு நொறுக்கிட்டாங்க. வாத்தியம் போய் விறகுச் சுள்ளி ஆகிடுச்சு. கிப்சனில் வேலை பார்த்த சார்லி டெரிங்டன்கிற கைவினைஞர் நூத்துக்கும் மேற்பட்ட சில்லுகளைப் பொறுக்கி, மர ரேகை ரேகையாப் பொருத்தி ஒட்டினார். 1986 பிப்ரவரியில் 73987 மறுபடி மன்றோ கைக்கு வந்தது. 1996ல் சாகிற வரைக்கும் அவர்கிட்டதான் இருந்தது. 2005ல் நாஷ்வில் நகரத்துக் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போ சொல்லுங்க. பூச்சு அசல் இல்லை. தலையில் பேர் அசல் இல்லை. உடம்பு பூரா ஒட்டு. முன்பின் தெரியாத ஆள் கையில் கொடுத்து 'இது அசலா?'ன்னு கேட்டா, பாதிச் சோதனையில் தோத்துடும். ஆனா இதைப் போலின்னு யாரும் ஒரு நிமிஷம் கூடச் சந்தேகப்பட்டதில்லை. ஏன்னா 1940களில் இருந்து அது ஒரே கையில் இருந்தது. படங்கள் இருக்கு, ஒலிப்பதிவுகள் இருக்கு, ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு தேதி இருக்கு. ஒரு வடு கூடக் கணக்கில் வராம விட்டுப்போகலை. காயமே அதுக்குச் சான்றிதழ் ஆகிடுச்சு.

இதுக்கு நேர் எதிர் மெசையா. ஒரு கீறல் இல்லை, அதனாலேயே சந்தேகம்.

இதையெல்லாம் படிச்சபிறகு எனக்குத் தோணினது இதுதான். 'அசல்'ங்கிறது ஒரு பொருள்மேல் ஒட்டியிருக்கிற ஒரு குணம் இல்லை. அந்தப் பொருளுக்கு நடந்ததெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முரண்படாம இருக்கிறதுதான் அசல். பெரிய மனுஷன் கையெழுத்து அதில் ஒரு சாட்சி, அவ்வளவுதான். மத்த சாட்சிகளைக் கொடுத்தவங்க யார்? கழுத்துக்கட்டையில் தொகுதி எண்ணைக் குறிச்ச தொழிலாளி, பேர் தெரியாதவர். பலகைக்குள்ளே உளித்தடத்தை விட்டுட்டுப் போனவர், அவரும் பேர் தெரியாதவர். யார் கண்ணிலும் படப்போறதில்லைன்னு நினைச்சுச் செஞ்ச காரியங்கள். அதனாலேயே அதில் பொய் சொல்லணும்னு அவங்களுக்கு அவசியம் இல்லை. நூறு வருஷம் கழிச்சு லட்சம் டாலர் வழக்கில் ஜட்ஜுக்கு முன்னாடி நிக்கிற சாட்சி லோர் இல்லை, அந்தத் தொழிலாளிகள்தான்.

கடைசியா ஒரு வேண்டுகோள் மக்களே. உங்க வீட்டுப் பரணிலோ தாத்தா பெட்டியிலோ ஏதாவது பழைய வாத்தியம் இருந்தா, வீணையோ வயலினோ ஹார்மோனியமோ எதுவா இருந்தாலும், எடுத்த கையோட பாலிஷ் போடக் கொடுத்துடாதீங்க. அழுக்குன்னு நினைச்சு நீங்க தேய்ச்சு எடுக்கிறது, அது பட்ட பாட்டோட டைரியா இருக்கலாம். முதலில் உள்ளேயும் வெளியேயும் படம் எடுத்து வைங்க. யார் வாசிச்சாங்க, எப்போ வாங்கினாங்க, எங்கே ரிப்பேர் பார்த்தாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்டக் கேட்டு எழுதி, அந்தக் காகிதத்தை அதே பெட்டியில் போட்டு வைங்க. பெரியவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க. அந்தச் சாட்சிகளுக்கு நகல் கிடையாது.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாராவது லோர் மாண்டலின் வாங்கக் கிளம்பினா, கூட ஒரு குட்டிக் கண்ணாடியும் விளக்கும் எடுத்துட்டுப் போங்க. மத்தபடி நஷ்டத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல :-)